மெக்கானிக் படியில் ஏறுகிறார்

லிஃப்ட் மெக்கானிக் இடுப்போடு மாட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஒன்பது மாடிக் கட்டடம். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கம்பெனிக்குப் போன் வந்தது, அவர்தான் போனார்.

உள்ளே இருந்தவர் ஒரே ஒருவர். ஒன்பதாம் மாடியில் குடியிருக்கும், கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற டீச்சர். குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவி. மெக்கானிக் மின்சாரத்தை அணைத்தார். ஐந்தாம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, லிஃப்டின் கூரைமேல் இறங்கினார். அந்தக் கூரையில் ஒரு சதுர மூடி உண்டு. அதைத் திறந்து உள்ளே இறங்கி, பட்டன் பலகையைக் கழற்றிப் பார்ப்பது அவருக்குக் கைவந்த வேலை. கடைசியாக அப்படி இறங்கி வருஷக்கணக்கு ஆகிவிட்டது என்பது மட்டும் அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

"டீச்சர், பயப்படாதீங்க. கொஞ்சம் ஓரமா நில்லுங்க. நான் உள்ள வரேன்."

கால் இரண்டும் உள்ளே போயின. தொடை போயிற்று. அதற்குமேல் எதுவும் போகவில்லை. சரி, திரும்ப ஏறிவிடலாம் என்று கையை ஊன்றி எம்பினார். அதுவும் நடக்கவில்லை. புட்டியில் அடித்த தக்கை மாதிரி நின்றார்.

டீச்சரின் மூக்குக்கு நேராக இரண்டு ஷூக்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷம் நீண்டுகொண்டே போயிற்று. அவர் நெளிந்த நெளிப்பில் மேலேயிருந்து என்னவோ டீச்சரின் தலையில் உதிர்ந்தது.

"மேலேருந்து ஏதோ கொட்டுதே! துருவா? லிஃப்டு விழப்போகுதா?"

"இல்ல டீச்சர்." மெக்கானிக்கின் குரல் சுருங்கிவிட்டது. "பிஸ்கட். பேண்ட் பாக்கெட்ல இருந்துச்சு."

டீச்சர் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு கம்பெனிக்கு மறுபடி போன் போட்டார். மெக்கானிக்கின் மேல்பாதிக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"ஆமா, நீங்க அனுப்பின ஆள் வந்துட்டாரு. பாதி வந்துட்டாரு. மீதி இன்னும் மேலதான் இருக்கு. இப்ப அவரை எடுக்க ஒரு ஆளை அனுப்புங்க. கொஞ்சம் ஒல்லியா இருந்தா நல்லது."

ஒல்லியான ஆள் வந்தான். கம்பெனியில் அவனுக்கு 'ஊசி' என்றே பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த மெக்கானிக்கிடம்தான் தொழில் படித்தவன். அவன் மேலேயிருந்து அக்குளில் கைகொடுத்து இழுக்க, டீச்சர் குடையைக் குறுக்கே பிடித்து ஷூக்களைக் கீழேயிருந்து தள்ளினார்.

"மூச்சை வெளிய விடுங்க. இன்னும் விடுங்க. வயித்தை உள்ள இழுங்க."

"அது உள்ள வராது டீச்சர். அது இருக்கறதே வெளியதான்."

சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. கடைசியில் பெரிய சத்தத்தோடு அவர் மேலே வந்தார். ஊசி அதே திறப்பு வழியாகச் சர்ரென்று உள்ளே இறங்கி, பலகையைக் கழற்றி, கழன்றிருந்த ஒரு வயரை மாட்டி லிஃப்டை ஓட்டிவிட்டான். வெளியே வந்த டீச்சர், பொறுக்கிவைத்திருந்த பொத்தான்களை மெக்கானிக்கின் உள்ளங்கையில் வைத்தார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் மெக்கானிக்குக்கு இன்னும் பொறுக்கவில்லை.

மேனேஜரும் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். பேசும்போது மேஜையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தே பேசினார்.

"உங்க வேலையில எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா நாளைக்கு உள்ள யாராவது மயக்கமா கிடந்து, நீங்க இப்படி நடுவுல மாட்டிக்கிட்டா என்ன பண்றது? கூரைமேல ஏறுற வேலை கொஞ்ச நாள் ஊசி பார்க்கட்டும். நீங்க மாசாந்திர சர்வீஸ் பாருங்க. எண்ணெய் போடறது, பட்டன் துடைக்கறது, அந்த மாதிரி."

"எத்தனை நாளைக்கு சார்?"

மேனேஜர் ஸ்டேப்ளரை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். மறுநாள் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை சாய்ந்திருந்தது. தச்சரை விட்டு அதில் மூடியின் அளவுக்குச் சதுரமாக ஓட்டை போட்டிருந்தார்கள். இதற்குள் நுழைந்து வந்தால் பழைய வேலை என்றார் மேனேஜர். ஆபீஸில் இருந்தவர்களெல்லாம் டீ நேரத்தில் ஆளுக்கொரு தடவை நுழைந்து பார்த்தார்கள். ஊசி கையில் டீ டம்ளரோடு நுழைந்து காட்டினான், ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மெக்கானிக்குக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. லிஃப்ட் கூண்டின்மேல் நின்றால் தலைக்குமேல் இருட்டு, கையருகே கம்பி வடங்கள், கிரீஸ் வாசனை, சுவருக்கு அந்தப்பக்கம் ஒவ்வொரு மாடியிலும் யார் யாரோ பேசும் சத்தம். ஒரு கட்டடத்தையே உள்ளேயிருந்து பார்க்கிற இடம் அது. அதை விட்டுவிட்டுப் பட்டன் துடைக்கப் போகவேண்டுமா?

அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். அன்று சாயங்காலம் நடந்ததைச் சொன்னபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பிஸ்கட் உதிர்ந்த இடம் வந்ததும் முடியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள். மகள், "யாராவது வீடியோ எடுத்தாங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஸ்கூலில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலை அவளுக்கு.

அடுப்படியிலிருந்து திரும்பி வந்த மனைவி கணவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

"நிஜமாவே வருத்தமா இருக்கா?"

"ஊசிக்கு நான்தான் ஸ்பேனர் பிடிக்கவே சொல்லிக்கொடுத்தேன்."

இந்த விஷயம் எப்படியோ மச்சினன் காதுக்குப் போய்விட்டது. மனைவியின் தம்பி. பாத்ரூம் டைல்ஸ் விற்கிறவன். எடைக் குறைப்பில் அவனுக்குத் தெரியாத முறை கிடையாது. எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறான், உடம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு பை நிறைய வெள்ளரிக்காயோடு வந்து இறங்கினான்.

"மாமா, இது போதும். மூணு வேளையும் வெள்ளரிக்காய் சூப். வேற எதையும் வாயில வைக்கக் கூடாது. எலும்பும் தோலுமா ஆயிடுவீங்க."

"எலும்பும் தோலுமா ஆகணும்னு நான் கேட்கலையே. ஒரு ஓட்டைக்குள்ள போகணும், அவ்வளவுதான்."

"போயிடலாம் மாமா. வழுக்கிக்கிட்டுப் போவீங்க."

மெக்கானிக் வெள்ளரிக்காய் சூப்பில் இறங்கினார். முதல் நாள் உற்சாகம். அப்புறம் கண்ணில் பூச்சி பறந்தது. யார் பேசினாலும் எரிந்து விழுந்தார். சர்வீஸுக்குப் போன ஒரு கட்டடத்தில், பட்டனுக்கெல்லாம் எண்ணெய் போட்டுவிட்டு, எண்ணெய் போடவேண்டிய சக்கரத்தைத் துணியால் பளபளவென்று துடைத்துவிட்டு வந்தார். மூன்றாம் மாடிக்குப் போக நினைத்தவர்கள் விரல் வழுக்கி ஆறாம் மாடியில் இறங்கினார்கள்.

அந்த வார முடிவில், வேலை முடிந்து மனைவியோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாமென்று ஓட்டுநர் பள்ளிக்குப் போனார். மனைவி உள்ளே வேலையாக இருந்தாள். வாசலில் நின்ற பயிற்சிக் காரில் ஏறி உட்கார்ந்தார். பின் சீட்டில் ஒரு அட்டைப் பெட்டி. பல தடவை தோற்று ஒருவழியாக லைசென்ஸ் வாங்கிய ஒரு பெண், நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன கேக் பெட்டி அது. வாசனை மட்டும் பார்ப்போமென்று மூடியைத் திறந்தார்.

மனைவி கார்க் கதவைத் திறந்தபோது அவர் மடியில் பெட்டி காலி. மூக்கு நுனியில் கிரீம். அவளுக்குப் பின்னால், அன்றுதான் வகுப்பில் சேர்ந்த ஒரு பேங்க் அதிகாரி, கையில் சீட் பெல்ட் எப்படிப் போடுவது என்ற சிறு புத்தகத்தோடு நின்றார்.

"இவரும் கத்துக்கறாரா மேடம்?"

"இல்ல சார். இவர் என் வீட்டுக்காரர். இவருக்கு வேற டெஸ்ட்."

மெக்கானிக் நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தனையும் தின்றும் வயிறு நிறைந்தாற்போல இல்லை, மனசு மட்டும் கனத்துப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தார். அவள் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்தாள்.

"பசியில கிடந்தா யாருக்கும் புத்தி வேலை செய்யாது. உங்க தப்பு இல்ல. அந்த வெள்ளரிக்காய்க்காரனோட தப்பு."

"உன் தம்பிதானே."

"என் தம்பிதான். அதனாலதான் சொல்றேன். இங்க பாருங்க, என்கிட்ட வர்றவங்க எல்லாரும் முதல் நாளே பெரிய ரோட்டுல பறக்கணும்னு நினைப்பாங்க. நான் காலி மைதானத்துல, முதல் கியர்ல, சுத்திக்கிட்டே இருக்க விடுவேன். சலிச்சுப் போயிடும். ஆனா கை பழகிடும். நாமளும் அப்படித்தான் பண்ணப்போறோம்."

"நாமளா?"

"பின்ன? நீங்க மட்டும் தனியா எங்க போவீங்க?"

அவள் கிளினிக்குக்குப் போய், உணவு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் கேட்டுவிட்டே வந்திருந்தாள். பட்டினி வேண்டாம். காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. தட்டில் பாதி காய்கறி, மீதியில் முட்டையோ மீனோ பருப்போ, கொஞ்சம் ரொட்டி. மதியச் சாப்பாடு வீட்டிலிருந்தே போகும். பாட்டில் குளிர்பானம் கூடாது. டீயில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும். பசித்தால் பழம். தினமும் நடக்கவேண்டும். கேட்கும்போது இதிலென்ன இருக்கிறது என்றுதான் மெக்கானிக்குக்குத் தோன்றியது. வெள்ளரிக்காய் சூப்பிலாவது ஒரு வீரம் இருந்தது.

அடுத்து மனைவி அவருடைய கருவிப் பெட்டியை மேஜைமேல் கவிழ்த்தாள். ஸ்பேனர்களுக்கு அடியில் பிஸ்கட் பொட்டலங்கள். ஸ்க்ரூ டப்பாவில் மிட்டாய். ரப்பர் கையுறைக்குள், விரல் வைக்கும் இடத்தில், பாதி சாக்லேட்.

"இது எதுக்கு?"

"அவசரத்துக்கு."

"எந்த லிஃப்டு சாக்லேட் குடுத்தா ஓடும்?" என்று மகள் கேட்டாள். கேட்டுவிட்டு அந்தப் பாதி சாக்லேட்டை அவள் வாயில் போட்டுக்கொண்டாள். தடயம் அழிந்தது.

காலை நடை வீட்டுக்கு அருகிலிருந்த பூங்காவில் ஆரம்பித்தது. கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிவந்த ஒரு பெண் அவரைத் தாண்டிப் போனாள். குழந்தை திரும்பிப் பார்த்தது. ஒரு சுற்று முடிவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. மனைவி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாளைக்கு அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் போயி உட்காருவோம்" என்றாள். மறுநாள் போனார்கள். அதற்கப்புறம் அதையும் தாண்டிப் போனார்கள்.

சில வாரம் கழிந்து அவள்தான் கேட்டாள்: "நீங்க போற கட்டடத்துல எல்லாம் படி இருக்குல்ல?"

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "லிஃப்ட் மெக்கானிக் படியில ஏறுறதா? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கறவ நான், தினமும் நடக்கலையா? பார்க்கறவங்க என்ன நினைச்சாங்க?"

அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் பயந்ததுதான் நடந்தது.

ஒன்பது மாடிக் கட்டடத்தில் மோட்டார் அறை மொட்டை மாடியில் இருந்தது. முன்பெல்லாம் லிஃப்டிலேயே போய்விடுவார். இப்போது கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். முதல் தடவை மூன்றாம் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். போகப் போக அந்த உட்காரும் இடம் மேலே நகர்ந்தது. ஆரம்பத்தில் இருந்த முழங்கால் வலி குறைந்தது. ஆறாம் மாடிவரை நிற்காமல் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு 'புஸ் புஸ்' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில், டீச்சர் அந்த மாடியில் யாரையோ பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"என்ன, படியில வரீங்க? லிஃப்டு ஓடலையா?"

"ஓடுது டீச்சர். நல்லா ஓடுது."

"அப்புறம் ஏன்?"

உலகத்தில் வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார். இந்த டீச்சரிடம், தன் ஷூவைக் குடையால் தள்ளியவரிடம், 'உடம்பைக் குறைக்கிறேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"சும்மாதான்."

"சும்மா யாரும் ஆறு மாடி ஏற மாட்டாங்க."

"இல்ல டீச்சர்... எனக்கு வேலை இருக்கு." என்று சொல்லிவிட்டு, மிச்ச மாடிகளையும் ஓட்டமாக ஏறினார். அந்த ஓட்டம்தான் காரியத்தைக் கெடுத்தது. டீச்சர் ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டவர். தான் நடுவில் மாட்டியது, மெக்கானிக் படியேறுவது, கேட்டால் மழுப்புவது, ஓடுவது, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். விடை வந்தது. தப்பான விடை.

மறுநாள் லிஃப்ட் கதவில் டீச்சரின் அழகான கையெழுத்தில் ஒரு தாள் தொங்கியது: 'பழுது பார்ப்பவரே ஏறப் பயப்படும் லிஃப்டில் நாம் ஏறலாமா? யோசிக்கவும்.'

எல்லோரும் யோசித்தார்கள். யோசித்துவிட்டுப் படியில் ஏறினார்கள். இரண்டாம் மாடிப் பல் டாக்டர், ஏழாம் மாடித் தையல்காரரும் அவர் மனைவியும், எட்டாம் மாடியில் புதிதாகக் கல்யாணமான ஜோடி, ஒருவர் பாக்கியில்லாமல். கால் முடியாதவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடம் பால் வாங்கிவரச் சொன்னார்கள். லிஃப்ட் மட்டும் விளக்கெல்லாம் எரிய, எண்ணெய் மணக்க, கீழே சும்மா நின்றது.

விஷயம் தெரியாத மெக்கானிக் அடுத்த சர்வீஸுக்கு வரும்போது படியில் ஒரே கூட்டமாக இருப்பதைப் பார்த்து, பரவாயில்லையே, எல்லோருக்கும் உடம்பைப் பற்றி அக்கறை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். தாள் லிஃப்ட் கதவில் இருந்தது. அவர்தான் லிஃப்ட் பக்கமே போகவில்லையே!

கம்பெனிக்குப் போன்மேல் போன் வந்தது. இந்தத் தடவை மேனேஜர் கத்தினார்.

"நீங்க படியில ஏறினீங்களா?"

"ஆமா சார்."

"பேக்கரிக்காரன் பக்கத்துக் கடையில பன் வாங்கித் தின்ன மாதிரி இருக்குய்யா! உங்க சர்வீஸே வேண்டாம், வேற கம்பெனிய கூப்பிடறோம்ங்கறாங்க. வாங்க, ரெண்டு பேரும் போவோம். நீங்களே வாயத் திறந்து சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் கூடினார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் படியிலேயே வரிசையாக உட்கார்ந்தார்கள். டீச்சர் முன்னால் நின்றார்.

"நேரா கேட்கறேன். இந்த லிஃப்டுல என்ன கோளாறு? மறைக்காம சொல்லுங்க."

மெக்கானிக் எழுந்தார். மேனேஜர் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்து, 'சொல்லு' என்று கண்ணைக் காட்டினார்.

"லிஃப்டுல ஒரு கோளாறும் இல்லைங்க. கோளாறு என்கிட்டதான். அன்னிக்கு டீச்சர் உள்ள இருக்கறப்ப நான் மேல மாட்டிக்கிட்டேன். உடம்பு குறைஞ்சாத்தான் பழைய வேலை. அதுக்காகத்தான் ஏறிக்கிட்டு இருக்கேன். டீச்சர் கேட்டப்ப வெட்கமா இருந்துச்சு. சொல்லல."

பிறகு படியில் எங்கேயோ ஒரு சிரிப்புக் கிளம்பியது. அது மேலும் கீழும் பரவியது. ஆனால் அது அவரைக் குத்துகிற சிரிப்பாக இல்லை. டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குறைஞ்சிருக்கா?"

"பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கேன் டீச்சர்."

கைத்தட்டல் எழுந்தது. பல் டாக்டர் எழுந்து, "எனக்கும்தான். பேண்ட் கழண்டு விழுது. நான் ஏதோ வியாதின்னு நினைச்சு ரத்தப் பரிசோதனைக்குக் குடுத்துட்டேன்," என்றார். தையல்காரர் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருக்குக் குறட்டை நின்னு போச்சு. கல்யாணமானதிலேர்ந்து இப்பதான் நான் தூங்கறேன். லிஃப்ட சரி பண்ணிடாதீங்க!"

"அது சரியாத்தாம்மா இருக்கு!" என்று மேனேஜர் கிட்டத்தட்ட அழுதார்.

டீச்சர் தன் கையாலேயே தாளைக் கிழித்தார். வயசானவர்கள், முடியாதவர்கள், மூட்டை முடிச்சோடு வருகிறவர்கள் லிஃப்டில் போகலாம். மற்றவர்கள் இஷ்டம். "நான் தப்பா கூட்டிட்டேன். மன்னிச்சுக்குங்க," என்று மெக்கானிக்கிடம் சொன்னார். "ஆனா நீங்களும் கேள்விக்குப் பதில் எழுதாம ஓடிட்டீங்க. ரெண்டு பேருக்கும் பாதி மார்க்."

திரும்பும்போது காரை மேனேஜர்தான் ஓட்டினார். சிக்னலில் நின்றபோது மெதுவாகக் கேட்டார்: "அந்தப் படி... ரொம்பக் கஷ்டமா இருக்குமா?"

"எதுக்கு சார்?"

"போன வாரம் மதியம் யாரும் இல்லாத நேரமா பார்த்து, அந்தப் பலகையில நான் நுழைஞ்சு பார்த்தேன். ஊசிதான் வந்து எடுத்துவிட்டான். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

மெக்கானிக் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மேனேஜரும் சிரித்துவிட்டார். பச்சை விளக்கு விழுந்ததை இருவரும் கவனிக்கவில்லை, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

குளிர் குறைந்து வெயில் ஏறத் தொடங்கிய நாளில் பலகையைச் சுவரிலிருந்து எடுத்து நிறுத்தினார்கள். மெக்கானிக் காலை விட்டார், தொடையை விட்டார். இடுப்பில் ஒரு நொடி பிடித்தது. ஆபீஸே மூச்சை அடக்கியது. பிறகு ஒரு உரசல் சத்தம், அவர் அந்தப்பக்கம் நின்றார். ஊசி ஓடிவந்து கட்டிக்கொண்டான். "அண்ணே, இனிமே கூரைமேல நீங்களே ஏறுங்க. மேல ஒரே இருட்டு, எனக்குப் பயமா இருக்கும். உங்ககிட்ட முன்னாடியே சொல்லல," என்றான்.

கிளினிக்கில் அந்த அம்மா, இன்னும் குறையவேண்டும், ஆனால் அவசரமில்லை என்றார். மெக்கானிக் அதை ஒரு பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் புதிய தொல்லை முளைத்தது. இளைத்த மனிதர் வாயை மூடவில்லை. யார் டீயில் சர்க்கரை போட்டாலும் ஸ்பூனைப் பார்த்தார். ஊசியின் மதிய டப்பாவைத் திறந்து, "காய் எங்கடா?" என்றார். மகளின் தோழிகள் வீட்டுக்கு வந்தால் நார்ச்சத்தைப் பற்றிப் பேசினார். தோழிகள் வருவது குறைந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், அவர் தின்றுகொண்டிருந்த வறுவலின் எண்ணெயைப் பற்றி விளக்கினார். அந்த மனிதர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

மச்சினன் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மச்சினன் அந்தச் சமயம் வெறும் பழச்சாறு முறையில் இருந்தான். மெக்கானிக் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரசங்கம் செய்தார். வெண்ணெய் என்ன செய்யும், மாவு என்ன செய்யும், பழச்சாறு ஏன் பழம் ஆகாது. காலையிலிருந்து அடுப்பில் வெந்த மச்சினனின் மனைவி, பரிமாறிய தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்தாள்.

"அண்ணா, நீங்க சாப்பிட வேண்டாம். பேசி முடிங்க. அப்புறம் சூடு பண்ணித் தரேன்."

மெக்கானிக்கின் காது சிவந்தது.

"இல்லம்மா. குடு. சாப்பிடறேன்," என்றார். சாப்பிட்டார். நன்றாக இருந்தது. அதையும் சொன்னார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு மூவரும் நடந்தே போனார்கள். மகள் முன்னால் போனாள்.

"நான் ரொம்பப் பேசறேனா?"

"அப்பா," என்று மகள் திரும்பாமலே சொன்னாள், "நீங்க குண்டா இருந்தப்ப ரொம்ப ஜாலியா இருந்தீங்க."

மனைவி அவளை அதட்டப் போனாள். பிறகு, அதட்டவில்லை.

"இளைச்சது நல்லதுதான். மூச்சு வாங்காம மாடி ஏறுறீங்க, எனக்கு நிம்மதியா இருக்கு. ஆனா ஊரையே ஏத்தணும்னு இல்லைங்க. உங்க வண்டிய நீங்க ஓட்டுங்க, போதும்."

அவர் தலையாட்டினார். தெரு முனையில் ஒரு பேக்கரி திறந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அப்போதுதான் எடுத்துவைத்த ஆப்பிள் கேக்கில் ஆவி பறந்தது. மனைவி நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரே ஒரு துண்டு வாங்கிவந்தாள். நடைபாதையில் நின்றபடியே மூன்றாகப் பிய்த்தாள்.

மெக்கானிக் தன் பங்கை வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார். மகளும் மனைவியும் அவர் வாயையே பார்த்தார்கள். இப்போது மாவைப் பற்றி வரும், சர்க்கரையைப் பற்றி வரும் என்று காத்திருந்தார்கள்.

"ஆப்பிள் நல்லா வெந்திருக்கு," என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மகள் விரலை நக்கிக்கொண்டு, வீடுவரை ஓட்டப் பந்தயம் என்று சொல்லிவிட்டு, சொல்லி முடிப்பதற்குள் ஓடிவிட்டாள். ஏமாற்று வேலை என்று கத்திக்கொண்டே மெக்கானிக் அவள் பின்னால் ஓடினார். மனைவி கைப்பையை இடுக்கிக்கொண்டு, இரண்டு பேரையும் திட்டியபடி, வேகமாக நடந்தாள்.